சம்பளமில்லா இன்டர்ன்: ஊழியர் இல்லையென்றால் யார்?

கல்லூரி மாணவி ஒருவர் மின்னஞ்சல் அனுப்புகிறார்: "இரண்டு மாதம் உங்கள் அலுவலகத்தில் வேலை கற்றுக்கொள்ள விரும்புகிறேன். சம்பளம் எதிர்பார்க்கவில்லை." ஏழெட்டுப் பேர் மட்டுமே வேலை செய்யும் சிறிய வடிவமைப்பு நிறுவனம் அது. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஆர்வத்தோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பவும் மனம் வரவில்லை. வரச் சொல்லிவிடுகிறார்கள். மேசை, கணினி, வைஃபை கடவுச்சொல் எல்லாம் முதல் நாளே தயார். எழுத்தில் மட்டும் எதுவும் இல்லை. சம்பளம் கொடுத்தால்தானே தொழிலாளர் சட்டமும் காப்பீடும் தலையிடும் என்பது முதலாளியின் கணக்கு.

மூன்றாவது வாரம், பரண்மேல் இருக்கும் பழைய மாதிரிப் பலகைகளை இறக்கச் சொல்கிறார்கள். மடக்கு ஏணியின் ஒரு கால் முழுதாக விரியவில்லை. மாணவி விழுகிறார், மணிக்கட்டில் எலும்பு முறிகிறது. மருத்துவமனையில் சேர்த்துவிட்டு முதலாளி காப்பீட்டு முகவரைத் தொலைபேசியில் அழைக்கிறார்.

"அவர் உங்கள் ஊழியரா, சார்?"

"இல்லை, இன்டர்ன்தான். சம்பளம் கிடையாது."

"அப்படியானால் ஊழியர் விபத்துக் காப்பீட்டில் வராதே. நீங்கள் கொடுத்த பட்டியலிலும் அவர் பெயர் இல்லை."

"பொதுப் பொறுப்புக் காப்பீடும் எடுத்திருக்கிறோமே?"

"அது வெளியாட்களுக்கு, சார். உங்களுக்காகப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவரை வெளியாள் என்று கம்பெனி ஏற்குமா? கேட்டுத்தான் சொல்ல வேண்டும்."

காட்சி கற்பனைதான். ஆனால் விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால் கேள்விகள் ஏறக்குறைய இதே வரிசையில்தான் வரும். முகவரின் முதல் கேள்விக்கு "ஆம், ஊழியர்தான்" என்று பதில் சொன்னால் காப்பீட்டின் கதவு திறக்கலாம், கூடவே, "அப்படியானால் இத்தனை நாள் சம்பளம் எங்கே?" என்ற கேள்வியும் உள்ளே வந்துவிடும். "இல்லை" என்றால் சம்பளப் பேச்சு அடங்கும், காப்பீடும் கைவிரிக்கும். இரண்டு குடைகளுக்கு நடுவே நின்று நனைகிறவரின் நிலைதான் இன்டர்னுக்கு. நனைந்ததற்கான செலவு கடைசியில் நிறுவனத்தின் தலையில் விழும்.

சம்பளம் இல்லை என்ற ஒரே உண்மையை எல்லாக் கேள்விகளுக்கும் பதிலாக வைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஊதியம் ஒரு கேள்வி. காயம்பட்டால் யார் பொறுப்பு என்பது வேறு கேள்வி. அவர் செய்த தவறால் வாடிக்கையாளருக்கு நட்டம் வந்தால், அவரிடம் ஒருவர் அத்துமீறி நடந்தால், அவர் வரைந்த படம் யாருக்குச் சொந்தம் என்று பின்னால் தகராறு வந்தால், ஒவ்வொன்றுக்கும் சட்டம் தனித்தனி அளவுகோல் வைத்திருக்கிறது. ஒரே மனிதர் ஓர் அளவுகோலில் ஊழியர் அல்லாதவராகவும் இன்னொன்றில் ஊழியராகவும் இருக்கலாம். நாட்டுக்கு நாடு விவரங்கள் மாறினாலும் இந்த அமைப்பு மாறுவதில்லை.

முதலில் ஊதியம்

"அவரே சம்பளம் வேண்டாம் என்றுதான் வந்தார், எழுதியும் கொடுத்திருக்கிறார்" என்பதுதான் இதில் அடிக்கடி கேட்கும் வாதம். இது பெரும்பாலும் செல்லாது. குறைந்தபட்ச ஊதியச் சட்டங்கள் தொழிலாளி விட்டுக்கொடுக்க முடியாத உரிமைகளாகவே எழுதப்பட்டிருக்கின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1985-இல் ஒரு மத அறக்கட்டளையின் வழக்கு வந்தது. அறக்கட்டளை நடத்திய வணிக நிறுவனங்களில் வேலை செய்தவர்களுக்கு உணவும் தங்குமிடமும் உடையும் மட்டுமே கிடைத்தன. அவர்களே சாட்சிக் கூண்டில் ஏறி, தாங்கள் தொண்டர்கள், கூலி வேண்டாம் என்று சொன்னார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை, அவர்கள் ஊழியர்களே என்றது. தொழிலாளி வேண்டாம் என்றால் சட்டம் ஒதுங்கிவிடும் என்று வைத்தால், வேண்டாம் என்று சொல்லவைக்க முதலாளிகளுக்கு வழி கிடைத்துவிடும் என்பது அதன் காரணம். சட்டத்துக்கு உட்பட்டுச் சம்பளம் கொடுக்கும் பக்கத்து நிறுவனத்துக்கும் அது அநியாயம்.

ஒப்புதல் போதாது என்றால் எது போதும்? பயிற்சி உண்மையிலேயே பயிற்சியாக இருக்க வேண்டும். இதே நீதிமன்றம் 1947-இல் ரயில்வே பயிற்சி ஒன்றைப் பற்றிச் சொன்ன தீர்ப்பு இன்றும் அடித்தளமாக நிற்கிறது. ரயிலின் பிரேக் பணியைக் கற்க வந்தவர்கள் ஏழெட்டு நாள் நடைமுறைப் பயிற்சி பெற்றார்கள். வழக்கமான பணியாளர்கள் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை செய்தார்கள். பயிற்சியால் நிறுவனத்தின் வேலை சில வேளை தாமதப்பட்டதே தவிர வேகப்படவில்லை. யாருடைய வேலையும் பறிபோகவில்லை. எனவே அவர்கள் ஊழியர் அல்ல என்று தீர்ப்பானது.

ஹாலிவுட் படம் ஒன்றின் தயாரிப்பில் சம்பளமின்றி வேலை செய்த இருவர் 2011-இல் ஃபாக்ஸ் சர்ச்லைட் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கு இதற்கு மறுமுனை. மதிய உணவு வாங்கிவருவது, தொலைபேசி எடுப்பது, அறைகலன்களைப் பொருத்துவது, குப்பையை வெளியே கொண்டுபோய்ப் போடுவது எல்லாம் அவர்களில் ஒருவரின் வேலைப் பட்டியலில் இருந்தன. 2013-இல் கீழ்நீதிமன்றம் அவர்கள் ஊழியர்களே என்றது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, புதிய கேள்வியை முன்வைத்தது: இந்த ஏற்பாட்டில் முதன்மையாகப் பயன்பெறுபவர் யார், இன்டர்னா நிறுவனமா? அதற்கு ஏழு அடையாளங்களையும் கொடுத்தது. சம்பளம் கிடையாது என்பது இருவருக்கும் தெளிவாகத் தெரியுமா, பயிற்சி வகுப்பறைக் கல்வியைப் போன்றதா, படிப்போடு பிணைந்ததா, கல்வி ஆண்டின் அட்டவணைக்கு இசைவாக நடக்கிறதா, கற்பதற்குத் தேவையான காலத்தோடு முடிகிறதா, சம்பளம் வாங்குபவரின் வேலையைப் பறிக்காமல் அதற்குத் துணையாக இருக்கிறதா, முடிவில் வேலை கிடைக்கும் என்ற வாக்குறுதி இல்லையா என்பவை அவை. எந்த ஒன்றும் தனியாக முடிவைத் தீர்மானிப்பதில்லை. மொத்தத்தையும் எடைபோட வேண்டும். 2018 ஜனவரியில் அமெரிக்கத் தொழிலாளர் துறை தன் பழைய ஆறு அம்சச் சோதனையைக் கைவிட்டு இதையே ஏற்றுக்கொண்டது.

ஏழு அடையாளங்களையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வரும் திங்கட்கிழமை இன்டர்ன் வராமல் போனால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குக் கற்பிக்க ஒதுக்கிய நேரம் மிச்சம், மற்றபடி எதுவும் நிற்காது என்றால் நல்லது. வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்க ஆள் இல்லை, சமூக ஊடகப் பதிவுகள் நின்றுவிடும், யாரையாவது உடனே அமர்த்த வேண்டும் என்று பதற்றம் வந்தால், நீங்கள் வைத்திருப்பது சம்பளம் கொடுக்காத ஊழியரை. இது சட்டப் புத்தகத்தில் உள்ள சோதனை அல்ல. ஆனாலும் விசாரணைக்கு வரும் அதிகாரி சுற்றி வளைத்துக் கடைசியில் இதைத்தான் கேட்பார்.

மற்ற நாடுகள் இதே கருத்தை வேறு வடிவங்களில் எழுதிவைத்திருக்கின்றன. பிரிட்டனில் 'இன்டர்ன்' என்ற வகையே சட்டத்தில் இல்லை. வேலை செய்பவர் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வந்தால் 1998-ஆம் ஆண்டின் தேசியக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தும். ஓராண்டுக்கு மிகாமல் படிப்பின் பகுதியாக வருபவர், வெறுமனே கூட இருந்து பார்ப்பவர், அறக்கட்டளைகளின் தன்னார்வலர் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. ஜெர்மனியில் 2015-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டம், பாடத்திட்டம் கட்டாயமாக்கும் பயிற்சிக்கு விலக்குத் தருகிறது. மாணவர் தன் விருப்பத்தில் செய்யும் பயிற்சி மூன்று மாதத்தைத் தாண்டினால் விலக்கு இல்லை. ஆஸ்திரேலியாவில் கல்வி நிறுவனத்தின் படிப்பில் ஒரு பகுதியாக அமையும் பயிற்சிக்கு மட்டும் தனி விலக்கு. அந்தப் பாதுகாப்பு இல்லாமல் இரண்டு இளைஞர்களை வானொலி நிகழ்ச்சித் தயாரிப்பில் வேலை வாங்கிய ஊடக நிறுவனத்துக்கு 2015-இல் 24,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது.

இவற்றில் மிகவும் கறாரானது பிரான்ஸ். பள்ளி, நிறுவனம், மாணவர் மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தம் இல்லாமல் பயிற்சியே கிடையாது. ஓராண்டுப் படிப்பில் ஒரே நிறுவனத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டு மாதத்தைத் தாண்டினால் உதவித்தொகை கட்டாயம். விடுப்பில் போன ஊழியரின் இடத்தை நிரப்ப இன்டர்னை வைக்கக் கூடாது. ஒருவர் முடித்துப் போனபின் அதே இருக்கையில் அடுத்தவரை உட்காரவைக்க, முந்தைய பயிற்சிக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு காத்திருக்க வேண்டும். இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் இருக்கை காலியாகவே இருக்க முடியவில்லை என்றால் அது பயிற்சி இருக்கை இல்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சட்டத்தில் எழுதிவிட முடியாது.

சம்பளத்துக்குப் பதிலாகக் கையில் சிறு தொகை கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் யோசித்துச் செய்ய வேண்டும். பஸ் டிக்கெட், சாப்பாடு போன்ற உண்மையான செலவுகளை ரசீது வாங்கிக்கொண்டு ஈடு செய்வது ஒன்று. மாதம் ஒரு தொகை என்று பேசிக் கொடுப்பது வேறு. பிரிட்டனில் இந்த இரண்டாவது வழி, தன்னார்வலர் என்று நினைத்திருந்தவரைத் தொழிலாளராக மாற்றிவிடக்கூடும். அதாவது குறைந்தபட்ச ஊதியமும் கொடுத்ததாக ஆகாது, ஊதியமே இல்லாத ஏற்பாடு என்றும் சொல்ல முடியாது. பிடிபட்டால் அங்கே நிலுவையைக் கொடுப்பதோடு முடியாது. நிலுவையின் இருமடங்கு வரை, ஆளுக்கு 20,000 பவுண்டு என்ற உச்சவரம்போடு, அபராதமும் உண்டு. நிறுவனத்தின் பெயரையும் அரசு வெளியிடலாம்.

காயம் என்ற தனிக் கேள்வி

வேலையிட விபத்து இழப்பீடு என்ற ஏற்பாட்டின் பின்னால் பழைய பேரம் ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் 1884-இல் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் காலத்தில் வந்த விபத்துக் காப்பீட்டுச் சட்டத்திலிருந்து இது தொடங்குகிறது. வேலையில் காயம்பட்ட தொழிலாளி, முதலாளியின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை, இழப்பீடு நிச்சயம். பதிலுக்கு, அலட்சியத்துக்காக முதலாளிமீது வழக்குப் போடும் உரிமையை அவர் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கிறார். அமெரிக்க மாநிலங்களின் சட்டங்களும் இதே அச்சில் வார்த்தவை.

"அவர் எங்கள் ஊழியர் அல்ல" என்று முதலாளி பெருமூச்சு விடும்போது, இந்தப் பேரத்தில் தனக்குக் கிடைத்த கேடயத்தையும் கீழே வைத்துவிடுகிறார். ஊழியர் அல்லாத இன்டர்ன் நேராக நீதிமன்றம் போகலாம். ஏணி பழுதானது, சொல்லித்தரவில்லை, மேற்பார்வை இல்லை என்று அலட்சிய வழக்குத் தொடரலாம். மருத்துவச் செலவு மட்டுமல்ல. வலி, வேதனை, எதிர்கால வருமான இழப்பு என்று அதில் கேட்கக்கூடியவை நிறைய. சம்பளத்தைச் சேமித்த நிறுவனம், உச்சவரம்புள்ள இழப்பீட்டுக்குப் பதிலாக வரம்பில்லாத வழக்கில் நிற்க நேரிடும்.

பல நாடுகள் இந்த இடைவெளியை உணர்ந்து, ஊதியத்துக்கு ஒரு விடையும் காயத்துக்கு வேறு விடையும் எழுதிவைத்திருக்கின்றன. இந்தியாவின் 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் இதற்குத் தெளிவான சான்று. அதன் 18-ஆம் பிரிவு, பழகுநர்கள் பயிற்சி பெறுபவர்கள், தொழிலாளர்கள் அல்ல என்கிறது. 16-ஆம் பிரிவு, பயிற்சியால் காயம்பட்டால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆலையில் பயில்பவர்களின் உடல்நலம், பாதுகாப்பு விஷயத்தில் அவர்களைத் தொழிலாளர்களாகவே பாவிக்கச் சொல்கிறது 14-ஆம் பிரிவு. ஒரே சட்டம், சில பிரிவுகள் இடைவெளியில், ஒரே ஆளைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறது. அதில் முரண்பாடும் இல்லை. ஆனால் இந்தச் சட்டத்தின் நிழல், அதன்கீழ் ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்ட, உதவித்தொகை பெறும் பழகுநர்களுக்குத்தான். கல்லூரியிலிருந்து ஒரு கடிதத்தோடு வந்து உட்காரும் மாணவருக்கு அது தானாக வந்துவிடாது.

ஜெர்மனியில் நிறுவனத்தில் பயிற்சி பெறும் இன்டர்ன், சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அந்த நிறுவனத்தின் சட்டப்பூர்வ விபத்துக் காப்பீட்டுக்குள் வருகிறார். பிரிட்டனில் முதலாளிகள் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்குப் பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். எடுக்காவிட்டால் நாள் ஒன்றுக்கு 2,500 பவுண்டு வரை அபராதம். வேலை அனுபவத்துக்கு வரும் மாணவர்களை இந்தப் பாலிசியில் ஊழியர்களாகவே பாவிப்பதாக அங்குள்ள காப்பீட்டாளர் சங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விடை வேறு. கலிஃபோர்னியாவில் பள்ளி மாவட்டத்தின் வேலை அனுபவத் திட்டத்தில் வரும் மாணவருக்கு, இழப்பீட்டு நோக்கத்தில், நிறுவனம் தானே ஏற்றுக்கொண்டால் ஒழியப் பள்ளி மாவட்டமே முதலாளி. எனவே இன்டர்னை அனுப்பும் கல்வி நிறுவனத்திடம் காப்பீடு உண்டா, அது எதையெல்லாம் தாங்கும் என்று கேட்பது கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை. சான்றிதழின் நகலும் கேட்கலாம். கல்லூரிகள் வைத்திருக்கும் மாணவர் விபத்துக் காப்பீடு வளாகத்துக்கு வெளியே செல்லுமா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுவது என்பது இன்னொரு முடிச்சு. பெரும்பாலான சட்டங்களில் அது சம்பளத்தின் ஒரு விகிதம். சம்பளம் பூஜ்யம் என்றால் விகிதமும் பூஜ்யம். அதனால்தான் நல்ல சட்டங்கள், இவ்வளவு சம்பளம் என்று பாவித்துக்கொள்ளும் ஒரு கற்பித ஊதியத்தையோ குறைந்தபட்சத் தொகையையோ வைத்துக்கொள்கின்றன. காப்பீட்டு நிறுவனத்துக்கும் இதே தலைவலி உண்டு. பிரீமியம் மொத்தச் சம்பளப் பட்டியலைக் கொண்டு கணக்கிடப்படுவதால், சம்பளம் வாங்காதவர் கணக்கிலேயே வருவதில்லை. அவர் இருப்பதை நீங்களாகச் சொன்னால்தான் உண்டு. சொல்லாமல் விட்டதை, கோரிக்கை வரும் நாளில் தகவல் மறைப்பு என்று அவர்கள் எடுத்துக்கொள்ளவும் கூடும்.

"காயம் ஏற்பட்டால் நிறுவனம் பொறுப்பல்ல" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் தப்பிக்கலாம் என்று நம்புகிறவர்களை அடிக்கடி பார்க்க முடிகிறது. பிரிட்டனில் 1977-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, அலட்சியத்தால் வரும் சாவுக்கும் உடற்காயத்துக்குமான பொறுப்பை அப்படி உதறிவிட முடியாது. வேறு பல இடங்களிலும் அந்தத் தாள் மாணவரைப் பயமுறுத்தத்தான் உதவும், நீதிபதியை அல்ல. பதினெட்டு வயது நிரம்பாதவரிடம் வாங்கிய கையெழுத்துக்கு மதிப்பு இன்னும் குறைவு. பதினெட்டுக்குக் கீழே என்றால் அபாயகரமான வேலைகளே கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1973-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பொது விதி.

பாலிசிக்குள் ஒரு சொல்

காப்பீட்டில் கடைசியில் எல்லாம் பாலிசியின் வரையறைப் பக்கத்தில் வந்து நிற்கும். யாரும் படிக்காத பக்கம் அது. அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டின் மாதிரிப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். ஊழியருக்கு ஏற்படும் காயத்தை அது விலக்குகிறது. அதற்குத்தான் இழப்பீட்டுக் காப்பீடு தனியாக இருக்கிறதே என்பது காரணம். 'தன்னார்வப் பணியாளர்' என்று ஒரு வகையையும் வரையறுக்கிறது: உங்கள் ஊழியர் அல்லாதவர், தன் உழைப்பை இலவசமாகத் தருபவர், நீங்கள் சொல்லும் வேலையை உங்கள் வழிகாட்டலில் செய்பவர், அதற்காக உங்களிடமோ வேறு யாரிடமோ கட்டணமோ சம்பளமோ வேறு எந்த ஈடுமோ பெறாதவர். இப்படிப்பட்டவர் உங்கள் வேலையைச் செய்யும்போது பிறருக்குத் தீங்கு நேர்ந்தால் பாலிசி அவருக்கும் துணை நிற்கும், ஒருசில விலக்குகளோடு.

அந்தக் கடைசிச் சொற்றொடரை மீண்டும் படியுங்கள்: "வேறு யாரிடமோ". உங்கள் இன்டர்னுக்கு அவருடைய கல்லூரி இந்த வேலைக்காக மாதம் சிறு உதவித்தொகை கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு காசும் கொடுக்கவில்லை. ஆனாலும் அவர் இந்த வரையறைக்கு வெளியே போய்விடலாம். ஊழியரும் அல்ல, தன்னார்வலரும் அல்ல. முன்னே சொன்ன குடைகளின் இடைவெளி எங்கே தொடங்குகிறது என்றால், இப்படி ஒரு சொற்றொடரில்தான்.

வாகனம் தனிக் கதை. "போகிற வழியில் இந்த உறையைக் கொடுத்துவிட்டுப் போ" என்று இன்டர்னிடம் சொல்வது எல்லா அலுவலகத்திலும் நடப்பது. அவர் தன் சொந்த வண்டியில் போகிறார். அந்த வண்டியின் காப்பீடு தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் என்று இருந்தால், அலுவலக வேலைக்காகப் போன வழியில் நடந்த விபத்தில் காப்பீட்டு நிறுவனம் பின்வாங்கலாம். பாதிக்கப்பட்டவரோ, அனுப்பியது யார் என்று விசாரித்து உங்களிடம் வருவார். நிறுவனத்தின் வண்டியைக் கொடுத்தாலும், ஓட்ட அனுமதிக்கப்பட்டவர்கள் யார் யார் என்று பாலிசி சொல்லும்; ஊழியர்கள் மட்டும் என்று இருந்தால் சாவியைக் கொடுக்காதீர்கள். சம்பளமில்லாத ஒருவரை வண்டியோட்டும் வேலைக்கு அனுப்பவே கூடாது என்பது என் கருத்து. அதில் அவர் என்னதான் கற்றுக்கொள்கிறார்?

தொழில்முறைத் தவறுகளும் இதே போலத்தான். கணக்காளர், வழக்கறிஞர், கட்டடக்கலைஞர் அலுவலகங்களில் இன்டர்ன் தட்டச்சு செய்த ஓர் எண் தவறாகி வாடிக்கையாளருக்கு நட்டம் வந்தால், "அது இன்டர்ன் செய்தது" என்ற பதில் வாடிக்கையாளரிடம் எடுபடாது. உங்கள் வழிகாட்டலில் உங்களுக்காக வேலை செய்தவரின் தவறு உங்கள் தவறாகவே எண்ணப்படும். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டில் 'காப்பீடு பெறுபவர்' என்ற வரையறைக்குள் பயிற்சி மாணவரும் தன்னார்வலரும் வருகிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.

அத்துமீறலும் படைப்பும்

நியூயார்க்கில் சம்பளமில்லா இன்டர்ன் ஒருவர் தன் மேலதிகாரி பாலியல் துன்புறுத்தல் செய்ததாக நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தபோது, ஊதியம் பெறாததால் அவர் ஊழியர் அல்ல, எனவே நகரத்தின் மனித உரிமைச் சட்டப்படி வழக்குத் தொடர முடியாது என்று 2013-இல் நீதிமன்றம் சொன்னது. அதற்கு எழுந்த எதிர்ப்பில் மறு ஆண்டே நகரமும் மாநிலமும் சட்டத்தைத் திருத்தி இன்டர்ன்களைச் சேர்த்தன. இந்தியாவில் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த ஓட்டை தொடக்கத்திலேயே இல்லை; ஊதியம் பெற்றாலும் பெறாவிட்டாலும், தன்னார்வமாக வேலை செய்பவரும் பயிற்சி பெறுபவரும் அதில் 'ஊழியர்' என்ற சொல்லுக்குள் அடக்கம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றிய 190-ஆவது உடன்படிக்கையும் பயிற்சி பெறுவோரையும் இன்டர்ன்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆகவே புகார்க் குழுவின் விவரத்தை முதல் நாளே இன்டர்னிடம் கொடுத்துவிட வேண்டும். அலுவலகத்தில் குரல் எழுப்ப மிகவும் அஞ்சுபவர் அவர்தான். பரிந்துரைக் கடிதம் உங்கள் கையில் இருக்கிறது.

பதிப்புரிமை பற்றி ஒரு வார்த்தை. ஊழியர் தன் பணியில் உருவாக்கியது முதலாளிக்குச் சொந்தம் என்பது பல நாடுகளின் பதிப்புரிமைச் சட்டத்தில் இயல்பான விதி. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் பணி ஒப்பந்தத்தோடு பழகுநர் ஒப்பந்தத்தையும் சேர்த்துச் சொல்கிறது. எந்த ஒப்பந்தமும் இல்லாத இன்டர்ன் வரைந்த சின்னமோ எழுதிய மென்பொருளோ எழுத்தில் மாற்றிக் கொடுக்கப்படாதவரை அவருடையதாகவே இருந்துவிட வாய்ப்புண்டு. "ஊழியர் அல்ல" என்ற வாதம் இங்கே உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

வருவதற்கு முந்தைய வாரம்

ஒப்பந்தம் நீளமாக இருக்கத் தேவையில்லை. இரண்டு பக்கம் போதும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரம் எத்தனை மணி நேரம், என்ன கற்கப்போகிறார், யார் கற்பிப்பார், சம்பளமோ வேலை உறுதியோ கிடையாது, செலவுகளில் எதை ஈடு செய்வோம், விபத்து நடந்தால் யாருடைய காப்பீடு, இரகசியம் காத்தல், படைப்புகளின் உரிமை, புகார் செய்யும் வழி. இவ்வளவுதான். அதில் 'கற்பிப்பார்' என்ற இடத்தில் ஒரு பெயரை எழுத முடியவில்லை என்றால் ஒப்பந்தத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, சம்பளம் கொடுத்து ஆள் எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

தாளில் எழுதியது ஒன்று, மேசையில் நடப்பது வேறு என்றால் தாள் காப்பாற்றாது. எனவே இன்டர்னை வாரக் குறிப்பு ஒன்று எழுதச் சொல்லுங்கள்: இந்த வாரம் என்ன செய்தேன், என்ன கற்றேன், யார் திருத்தினார். நான்காவது வாரக் குறிப்பில் "விலைப்பட்டியல் தட்டச்சு, விலைப்பட்டியல் தட்டச்சு, விலைப்பட்டியல் தட்டச்சு" என்று இருந்தால், பிரச்சினை வழக்காக வருமுன் உங்களுக்கே தெரிந்துவிடும். ஏணி, வெட்டுக்கருவி, மின்சாதனம் எதையும் தொடுமுன் சொல்லித்தந்ததற்கு ஒரு கையெழுத்து, அவசரத்துக்கு அழைக்க ஒரு தொலைபேசி எண், இவையும் அதே கோப்பில் இருக்கட்டும். வீட்டிலிருந்தே வேலை செய்யும் இன்டர்ன் என்றால் அவர் உட்கார்ந்திருக்கும் ஊரின் சட்டமும் பொருந்தக்கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

மீதி இருப்பது காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதம். தொலைபேசியில் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். கடிதம் இப்படி இருக்கலாம்: "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை எங்கள் அலுவலகத்தில் சம்பளமில்லாத பயிற்சி மாணவர் ஒருவர் இருப்பார். அவர் செய்யப்போகும் வேலைகள் இவை. எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் காயம் ஏற்பட்டால் எந்தப் பாலிசியில் வரும்? அவரால் மூன்றாம் நபருக்கு உடற்காயமோ சொத்து நட்டமோ ஏற்பட்டால் எந்தப் பாலிசியில் வரும்? அவருடைய தொழில்முறைத் தவறால் வாடிக்கையாளருக்கு வரும் நட்டம் எங்கள் பாலிசிக்குள் அடங்குமா? கல்லூரி அவருக்கு உதவித்தொகை கொடுத்தால் இந்தப் பதில்களில் எது மாறும்?"

"சூழ்நிலையைப் பொறுத்தது" என்று பதில் வந்தால் அதை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பாலிசியில் இன்டர்ன்களையும் பெயர் சொல்லிச் சேர்க்கும் பிற்சேர்க்கை உண்டா, அதற்குக் கூடுதல் பிரீமியம் எவ்வளவு என்று கேளுங்கள். அல்லது மாணவர் பெயரில் தனி விபத்துக் காப்பீடு ஒன்று எடுங்கள். அந்தப் பிற்சேர்க்கை கைக்கு வந்து சேரும்வரை தொடக்கத் தேதியைத் தள்ளிவைப்பதில் மாணவருக்கும் பெரிய நட்டம் எதுவும் இல்லை.